கீழே விழும் பொருளின் வேகம்: குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் ஆறு, ஒன்றையொன்று பார்த்து எழுதியவைபோல, விழும் பொருள்களைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இந்த ஆறுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் விளையில் தேங்காய் வெட்டும்போது, முற்றிய நெற்றும் சிறு குரும்பையும் ஒரே நேரத்தில் மரத்திலிருந்து விடுபட்டால் நெற்றுதான் முதலில் தரைக்கு வரும் என்று எங்கள் பாட்டா அடித்துச் சொல்கிறார். இரண்டும் ஒன்றாகவே விழும் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், குழித்துறை

பதில்: பள்ளியில் படித்ததே சரி. ஆனால் பாட்டாவின் பக்கத்திலும் சிறிதளவு உண்மை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நெற்றின் நிறை குரும்பையின் நிறையைப்போல ஐம்பது மடங்கு என்று வைத்துக்கொள்வோம். பூமி அதை ஐம்பது மடங்கு விசையுடன் இழுக்கிறது என்பதில் ஐயமில்லை. கையில் ஏந்தும்போது நாம் உணரும் பாரம் அந்த விசைதான். ஆனால் அசையாமல் இருக்கும் ஒரு பொருளை நகர்த்துவதற்கும், நகரும் பொருளின் வேகத்தைக் கூட்டுவதற்கும் தேவைப்படும் விசையும் நிறைக்கு ஏற்பவே கூடுகிறது. நெற்றை இழுக்கும் விசை ஐம்பது மடங்கு என்றால், அந்த இழுப்புக்கு அது காட்டும் நிலைமமும், அதாவது வேகம் மாற மறுக்கும் தன்மையும், ஐம்பது மடங்கு. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால், வேகம் கூடும் வீதம், அதாவது முடுக்கம், இரண்டு காய்களுக்கும் ஒன்றாகவே அமைகிறது. பாரமான பொருளை பூமி அதிகமாக இழுக்கிறது என்ற முதல் பாதியை நாம் எல்லோரும் அனுபவத்தால் அறிவோம். அதை அசைப்பது அதே அளவுக்குக் கடினம் என்ற மறுபாதி நினைவுக்கு வராததால்தான், நெற்று முந்தும் என்ற எண்ணம் இவ்வளவு உறுதியாக நிலைக்கிறது.

நிலைமம் முதலிய சொற்கள் வழக்குக்கு வருமுன்பே கலிலியோ இதை வெறும் வாதத்தாலேயே நிறுவினார். பாரமான பொருள் வேகமாக விழும் என்பது உண்மையானால், நெற்றையும் குரும்பையையும் ஒரு கயிற்றால் பிணைத்துப் போடும்போது என்ன நடக்க வேண்டும்? மெதுவாக விழும் குரும்பை நெற்றைப் பின்னுக்கு இழுப்பதால், இரண்டும் சேர்ந்து நெற்றைவிட மெதுவாக விழ வேண்டும். அதே வேளையில், பிணைத்த இரண்டும் சேர்ந்தால் நெற்றைவிடப் பாரம் கூடுதல் என்பதால், நெற்றைவிட வேகமாகவும் விழ வேண்டும். ஒரே ஊகத்திலிருந்து முரண்பட்ட இரண்டு முடிவுகள் பிறப்பதால், ஊகமே தவறு என்றாகிறது. (காய்கள் நம்முடையவை, வாதம் அவருடையது.) பைசா கோபுரத்தின் உச்சியிலிருந்து அவர் குண்டுகளைப் போட்டுக் காட்டிய கதையை அவருடைய மாணவர் விவியானிதான் பின்னாளில் எழுதினார், வரலாற்றாசிரியர் பலர் அதை ஐயத்தோடே பார்க்கின்றனர். அந்தக் கதையைவிட இந்த வாதமே எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது.

இனி பாட்டாவின் பக்கம். மேற்சொன்னதெல்லாம் காற்று இல்லாத இடத்தில் முழுமையாகப் பொருந்தும். காற்றின் தடை பொருளின் வடிவத்தையும் பரப்பையும் வேகத்தையும் பொறுத்தது. அந்தத் தடையைத் தாங்கிக்கொள்வதில் பாரமான பொருளுக்கு ஓர் ஆதாயம் உண்டு. 15 மீட்டர் உயரத் தென்னையிலிருந்து இரண்டும் விழுந்தால், நெற்று தரையைத் தொடும் கணத்தில் குரும்பை ஏறக்குறைய ஒரு முழம் மேலே நின்றாலும் வியப்பில்லை. இதே மறுப்பை எதிர்பார்த்தவர்போலக் கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் ஒரு பதிலை எழுதிவைத்திருக்கிறார்: நூறு முழ உயரத்திலிருந்து பெரிய குண்டு தரைக்கு வரும்போது சிறிய குண்டு ஒரு முழம்கூட இறங்கியிராது என்பது அரிஸ்டாட்டிலின் கூற்று, என் கணக்கில் இரண்டு விரற்கடை வேறுபாடு வருகிறது என்பதற்காக, அந்த இரண்டு விரலுக்குப் பின்னால் அவருடைய தொண்ணூற்றொன்பது முழத்தை மறைக்கப் பார்க்காதீர்கள் என்பது அதன் சாரம். பாட்டாவிடம் இதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

அதே மரத்திலிருந்து விழும் காய்ந்த ஓலை ஆடி அசைந்து வெகு தாமதமாக வந்து சேர்வதற்கும் பாரம் காரணமன்று, காற்றே காரணம். ஒரு கனத்த புத்தகத்தின் மேல், அதன் ஓரங்களைத் தாண்டாத அளவுக்கு ஒரு தாளை வைத்து இரண்டையும் சேர்த்துக் கீழே விடுங்கள். கீழிருந்து வரும் காற்றைப் புத்தகம் மறைத்துவிடுவதால் தாள் அதை விட்டுப் பிரியாமல் ஒன்றாகவே விழும். காற்றே இல்லாத நிலவில், 1971 ஆகஸ்ட் 2 அன்று, அப்போலோ 15 பயணத்தின் தளபதி டேவிட் ஸ்காட் 1.32 கிலோ சுத்தியலையும் 30 கிராம் வல்லூறு இறகையும் ஒரே நேரத்தில் கையிலிருந்து விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

கேள்வி: புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி² என்று பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தேன். வினாடி தெரியும், வினாடியின் வர்க்கம் என்றால் என்ன என்று இன்றுவரை விளங்கவில்லை. கணக்கு மட்டும் போட்டு மதிப்பெண் வாங்கிவிட்டேன்.
– ஒரு கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

பதில்: அந்த வர்க்கத்தைக் கண்டு மிரள வேண்டியதில்லை. ‘வினாடிக்கு 9.8 மீட்டர் வேகம், ஒவ்வொரு வினாடியும் கூடுகிறது’ என்பதன் சுருக்கமே அது. முதலில் வரும் வினாடி வேகத்துக்கு உரியது. இரண்டாவது வினாடி அந்த வேகம் கூடும் வீதத்துக்கு உரியது. இரண்டையும் அடுத்தடுத்து எழுதுவதற்குப் பதிலாக வர்க்கமாக எழுதுகிறோம்.

திருவட்டாறு அருகே உள்ள மாத்தூர் தொட்டிப்பாலத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பறளியாற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்கே சுமார் 115 அடி உயரத்தில், அதாவது 35 மீட்டர் உயரத்தில், தண்ணீரைக் கொண்டுசெல்லும் பாலம் அது. அங்கிருந்து ஒரு கல் நழுவி விழுவதாகத் தாளில் மட்டும் கற்பனை செய்துகொள்வோம். கீழே ஆட்கள் நடமாடும் இடமாதலால் யாரும் செய்து பார்த்துவிட வேண்டாம். விடுபடும் கணத்தில் கல்லின் வேகம் சுழி. ஒரு வினாடி முடிவில் வேகம் வினாடிக்கு 9.8 மீட்டர், இரண்டு வினாடி முடிவில் 19.6 மீட்டர். காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டால் இந்தக் கூடுதல் ஒவ்வொரு வினாடியும் மாறாமல் நிகழும். ஆனால் கல் கடந்த தூரம் இப்படிச் சீராகக் கூடுவதில்லை. முதல் வினாடியில் அது சுழியிலிருந்து 9.8 வரை வேகம் பெறுவதால் அதன் சராசரி வேகம் 4.9, ஆகவே அந்த வினாடியில் இறங்கும் தூரமும் 4.9 மீட்டர்தான். இரண்டாவது வினாடியில் சராசரி 14.7, அந்த அளவு தூரத்தை அந்த ஒரு வினாடியிலேயே கடக்கிறது. இரண்டு வினாடிகளுக்கும் சேர்த்து 19.6 மீட்டர். மூன்றாவது வினாடி முடிவதற்கு முன்பே, ஏறத்தாழ 2.7 வினாடியில், அது ஆற்றங்கரைப் பாறையில் மோதிவிடும். அப்போது அதன் வேகம் வினாடிக்கு 26 மீட்டர், அதாவது மணிக்கு 94 கிலோமீட்டர்.

ஒரே அளவு நேரத்தில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை விகிதத்தில் அமைவதைக் கவனியுங்கள்: 4.9-இன் மூன்று மடங்கே 14.7. இந்த விகிதத்தைக் கண்டறிந்தவரும் கலிலியோதான். நேராக விழும் பொருளைத் தொடர்ந்து அளக்கும் கடிகாரம் அக்காலத்தில் இல்லாததால், பன்னிரண்டு முழ நீள மரப்பலகையில் வழவழப்பான பள்ளம் வெட்டி, அதைச் சாய்த்துவைத்து, வெண்கலக் குண்டை உருட்டிவிட்டார். சாய்வில் விழுதல் மெதுவாகிறது. ஆனால் விகிதம் மாறுவதில்லை. நேரத்தை அளக்க, ஒரு பெரிய பாத்திரத்தின் அடியில் பொருத்திய மெல்லிய குழாய் வழியே வழிந்த தண்ணீரைப் பிடித்து நிறுத்துப் பார்த்தார்.

அவரும் முதலில் இடறியவரே என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். விழும் பொருளின் வேகம் கடந்த தூரத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது என்று 1604-இல் ஒரு கடிதத்தில் எழுதிய அவர், தூரத்துக்கு அன்று, நேரத்துக்கே நேர்விகிதம் என்ற முடிவுக்குப் பின்னர்தான் வந்தார். இந்த வேறுபாட்டைப் பாலத்திலேயே காணலாம். கல் உயரத்தின் முதல் பாதியைக் கடக்க 1.9 வினாடி எடுக்கிறது. மறுபாதியை முடிக்க 0.8 வினாடியே போதுமானது. அந்த மறுபாதியில் நேரம் குறைவாக இருப்பதால் கூடும் வேகமும் குறைவு. உயரம் நான்கு மடங்கானால்தான் மோதும் வேகம் இரண்டு மடங்காகும். இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டு, சிறு உயரத்தைத் துச்சமாக நினைக்கின்றனர். 15 மீட்டர் தென்னையிலிருந்து விழும் நெற்று மணிக்கு 60 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் வருகிறது. அதில் கால்பங்கு உயரத்திலிருந்து விழுந்தாலும் 30-ஐ எட்டிவிடும்.

கேள்வி: மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அந்தக் கணத்தில் ஈர்ப்பும் முடுக்கமும் சுழிதானே?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. சுழியாவது வேகம் மட்டுமே. முடுக்கமும் அந்தக் கணத்தில் சுழியாகிவிட்டால், வேகம் சுழியிலிருந்து மாறுவதற்கு வழியே இல்லாமல் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். உச்சிக்கு 0.1 வினாடி முன்பு அது வினாடிக்கு 0.98 மீட்டர் வேகத்தில் மேலே செல்கிறது, 0.1 வினாடி கழித்து அதே வேகத்தில் கீழே வருகிறது. இடைப்பட்ட 0.2 வினாடியில் வேகத்தில் ஏற்பட்ட மாற்றம் 1.96, இது வினாடிக்கு 9.8 என்ற அதே வீதம்தான். ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் பூமியின் இழுப்பில் எந்த மாற்றமும் இல்லை. பந்து மேலே தங்கி நிற்பதுபோலத் தோன்றுவதற்கு வேறு காரணம் உண்டு: காற்றில் இருக்கும் மொத்த நேரத்தில் சரிபாதியை அது உயரத்தின் மேல் கால்பகுதியிலேயே கழிக்கிறது.

கேள்வி: கிலோமீட்டர் கணக்கான உயரத்திலிருந்து விழும் மழைத்துளி இந்தக் கணக்கின்படி துப்பாக்கிக் குண்டுபோல அல்லவா நம்மேல் பாய வேண்டும்? தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறிக் கொட்டும் எங்கள் ஊரில் தலை எப்படித் தப்புகிறது?
– ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: காற்று இல்லையெனில் உங்கள் அச்சம் நியாயமானதே. ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் துளி வினாடிக்கு 140 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 500 கிலோமீட்டரில் வந்து இறங்கும். ஆனால் வேகம் கூடக்கூடக் காற்றின் தடையும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் தடை துளியின் எடைக்குச் சமமாகிவிட, இழுப்பும் தடையும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. அதன்பின் முடுக்கம் இல்லை. எஞ்சிய தூரம் முழுவதையும் துளி ஒரே வேகத்தில் கடக்கிறது. இதை முற்றுத் திசைவேகம் என்பர். அரை மில்லிமீட்டர் தூறலுக்கு அது வினாடிக்குச் சுமார் 2 மீட்டர். 2 மில்லிமீட்டர் துளிக்கு ஆறரை மீட்டர். 5 மில்லிமீட்டர் பெருந்துளிக்கு 9 மீட்டர். அதற்கு மேல் பெருத்த துளிகள் காற்றின் மோதலிலேயே உடைந்துவிடுகின்றன. பெருந்துளி விழுந்தால் தலையில் சுருக்கென்று படுகிறது, தூறல் படுவதே தெரிவதில்லை. காற்றில் பெரியது முந்துகிறது என்ற அளவில், முதல் கேள்வியின் பாட்டாவுக்கு மழை மட்டும் முழு ஆதரவு தருகிறது.

கேள்வி: கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் ஈர்ப்புக் குழி இருப்பதாகவும், அதனால் எங்கள் ஊரில் எல்லாப் பொருளும் எடை குறைவாக இருக்கும் என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம்பலாமா?
– ஒரு வியாபாரி, கன்னியாகுமரி

பதில்: ஈர்ப்புக் குழி உண்மை, எடை குறைவும் ஓரளவு உண்மை, இரண்டையும் முடிச்சுப்போட்டதுதான் பிழை.

பூமி தன் அச்சில் சுழல்வதாலும், அச்சுழற்சியால் நடுப்பகுதி புடைத்திருப்பதாலும், நிலநடுக்கோட்டில் புவியீர்ப்பு முடுக்கம் 9.780 ஆகவும் துருவங்களில் 9.832 ஆகவும் இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு பாகைக்குச் சற்றே வடக்கில் உள்ள கன்னியாகுமரியில் அது சுமார் 9.781; டெல்லியில் 9.79-ஐச் சற்றே தாண்டும். வேறுபாடு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. டெல்லியில் அளவு திருத்திய வில் தராசை உங்கள் கடைக்குக் கொண்டுவந்தால், 50 கிலோ அரிசி மூட்டை 50 கிராம் அளவுக்குக் குறைவாகக் காட்டும். தட்டுத் தராசில் எந்த வேறுபாடும் தெரியாது. படிக்கல்லின் எடையும் அதே பங்கு குறைந்துவிடுகிறதே! அதனால் வாடிக்கையாளரிடம் சொல்ல இது ஒரு சாக்காகாது. டெல்லியில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரமோ இங்கே நாளொன்றுக்கு முக்கால் நிமிடம் பின்தங்கும். இவ்வுண்மை முதலில் வெளிப்பட்டதும் கடிகாரத்தால்தான். 1672-இல் பாரிசிலிருந்து, கன்னியாகுமரியைப்போலவே நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கும் தென்னமெரிக்காவின் கயேன் தீவுக்குச் சென்ற பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷேர், தம் ஊசல் கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் மெதுவாக ஓடுவதைக் கண்டார். நியூட்டன் 1687-இல் வெளியிட்ட நூலில் பூமியின் புடைப்புக்கு இதையும் சான்றாக எடுத்துக்கொண்டார்.

உங்கள் பகுதிக்கும் இந்த அளவீட்டு வரலாற்றில் இடம் உண்டு. நாட்டை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த இந்தியப் பெருமுக்கோண அளவையின் பெருவளைவு, அதாவது தெற்கு வடக்காக நீளும் அதன் முதன்மை அளவைக்கோடு, தொடங்குவதே குமரிமுனையை அடுத்த பகுதியில். 1860-களின் பிற்பகுதியில் கேப்டன் பசேவி என்ற அதிகாரி, இந்தத் தென்கோடி உட்பட நாட்டின் பல நிலையங்களில் ஊசல்களை ஆடவிட்டு ஈர்ப்பை அளந்தார். அதே பணிக்காக லடாக்கின் உயர்மலைக்குச் சென்றவர் 1871-இல் அங்கேயே உயிரிழந்தார்.

செய்தியில் வந்த குழி என்பது வேறு. காற்றும் ஓதமும் இல்லாத நிலையில் கடல்மட்டம் ஈர்ப்புக்கு ஏற்ப எப்படி அமையும் என்று வரைந்தால், இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அது பூமியின் சராசரி வடிவத்தைவிட 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே மிகப் பெரிய தாழ்வு இதுதான். பூமியின் உட்பகுதியில் உள்ள சூடான, அடர்த்தி குறைந்த பொருளே இதற்குக் காரணம் என்ற விளக்கத்தைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023-இல் முன்வைத்தனர். குழி என்ற சொல்லைக் கேட்டு, படகு அதற்குள் சரிந்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். பல இலட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் இத்தாழ்வில், எந்த இடத்திலும் நீர்ப்பரப்பு ஈர்ப்பின் திசைக்குச் செங்குத்தாகவே இருப்பதால், சரிவு என்று உணர அங்கே எதுவும் இல்லை. ஈர்ப்பு முடுக்கத்தில் இது உண்டாக்கும் குறைவு பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. உங்கள் ஊரில் எடை குறைவதற்கு நிலநடுக்கோட்டின் அருகாமையே காரணம். குழியின் பங்கு மிகச் சிறிது.

கேள்வி: திற்பரப்பு அருவியில் மேலே ஒரே விரிப்பாக இறங்கும் தண்ணீர், கீழே வரும்போது கிழிந்து இழை இழையாகவும் துளியாகவும் பிரிவது ஏன்? பாறையில் மோதாமல் விழும் பகுதியிலும் இப்படித்தான் இருக்கிறது.
– ஒரு வாசகர், அருமனை

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். விளிம்பைவிட்டு ஒரு நீர்த்துளியும், அதற்கு 0.1 வினாடி கழித்து மற்றொன்றும் விழுவதாகக் கொள்ளுங்கள். இரண்டாவது துளி விடுபடும்போது முதல் துளி 5 சென்டிமீட்டர் மட்டுமே கீழே இருக்கிறது. இரண்டும் ஒரே வீதத்தில் வேகம் பெற்றாலும், முதல் துளிக்கு 0.1 வினாடி முன்னதாகவே வேகம் கிடைக்கத் தொடங்கிவிட்டதால், அது எப்போதும் வினாடிக்கு 0.98 மீட்டர் கூடுதல் வேகத்தில் செல்கிறது. ஆகவே இடைவெளி இடைவிடாமல் வளர்கிறது. மேலும் ஒரு வினாடி கழிந்ததும் அது 5 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் விரிந்துவிடும். மேலே ஒரு சாண் நீளத்தில் இருந்த தண்ணீர் கீழே பல அடி நீளத்துக்கு இழுபட வேண்டியிருப்பதால், விரிப்பு மெலிகிறது. மெலிந்த இடங்களில் நீரின் பரப்பு இழுவிசை அதைச் சிறு சிறு துளிகளாகச் சுருட்டிவிடுகிறது. ஊடே புகும் காற்று மீதியைச் சிதறடிக்கிறது. வீட்டுக் குழாயை மெல்லத் திறந்துவிட்டுப் பார்த்தால் இதன் முதல் பாதியைக் காணலாம்: வாயில் விரல் பருமனாக வெளிவரும் நீர், கீழே போகப்போக நூலாக மெலியும். குழாயை இன்னும் உயரத்தில் வைத்தால், அந்த நூலும் அறுந்து துளிகளாகும்.